வருகை தாமதித்தால்

தைக்கக் கொடுத்த துணியை வாங்குவதற்கு நடையாய் நடக்க வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீதி டெய்லரக்காவிடம் மட்டும் அது தலைகீழ். தைத்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும், பொழுது சாய்ந்தால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு கை வைத்து மறு கை வைக்காத ஜாக்கெட்டாக இருந்தாலும் சரி, பாதி தூரம் ஃபால்ஸ் அடித்த சேலையாக இருந்தாலும் சரி, ஒரு கட்டைப்பையில் போட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். நாம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் அதே பையை அதே துணியோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வீதிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் தடவை பயந்துபோவார்கள். துணி பிடிக்கவில்லையோ, அளவில் ஏதாவது தகராறோ என்று கேட்பார்கள். பழகியவர்கள் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் ஊர்வம்பு பேசிவிட்டுப் போவார்கள்.

காரணத்தை டெய்லரக்கா யாரிடமும் மறைத்ததில்லை. அன்று ராத்திரியே இயேசு கிறிஸ்து வந்துவிட்டால் என்ன செய்வது? அதுதான் காரணம். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே என் தோள் அளவை எடுத்தபடி எனக்கும் ஒருநாள் விளக்கினார்.

"அவரு வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிட்டார்னு வெச்சுக்கோ கண்ணு. ஊடு பூட்டிக் கெடக்கும். உங்க துணியெல்லாம் உள்ள மாட்டிக்கும். அங்க போயி நான் ஜாக்கெட்டுத் திருடியாட்ட நிக்கோணுமா?"

கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன்.

அவர் பேச்சில் எதிர்காலம் வரும்போதெல்லாம் முன்னால் ஒரு காவலாள் நிற்பார். வருகை தாமதித்தால் வெள்ளிக்கிழமை ஹூக் வைக்கலாம், வருகை தாமதித்தால் நாளைக்கு மாவு ஆட்ட வேண்டும். கர்த்தரின் வருகை தாமதித்தால் கூட்டம் நடக்கும் என்று கன்வென்ஷன் நோட்டீஸில் போடுவார்கள். அதைத் தோசை மாவு வரைக்கும் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். இருபது வருடப் பாலிசி எடுக்கச் சொல்லி வந்த இன்சூரன்ஸ் ஏஜென்டைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்பட்டார். இருபது வருடமா என்று ஒரு பெருமூச்சு விட்டு, அந்தப் பையனை உட்காரவைத்து, உப்புமா கொடுத்து, இருக்கிற நாளை நல்லபடியாகச் செலவழிக்கும்படி சொல்லி அனுப்பினார்.

ரேஷன் கடையில் விரல் ரேகை மிஷின் வந்தபோது எங்களுக்கெல்லாம் அவரைப் பற்றித்தான் கவலை. கடைசிக் காலத்தில் வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை போடுவார்கள், அதில்லாமல் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது என்று வேதத்தில் இருப்பதாக அவர் எங்கள் எல்லோருக்கும் பாடம் நடத்தியிருந்தார். இப்போது விரல் வைக்காமல் சர்க்கரை இல்லை. இரண்டு மாதம் சர்க்கரை வாங்காமல் இருந்து பார்த்தார். மூன்றாவது மாதம் போய், வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கைக் கட்டை விரலை நீட்டினார். எது வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். வேதத்துக்கும் பங்கமில்லை, டீக்கும் சர்க்கரை கிடைத்தது. அன்றைக்கு அவர் நடந்து வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய கணவர் எங்கே, ஊர் எது என்பதெல்லாம் எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. சென்னிமலையில் அண்ணன் குடும்பம் இருந்தது என்று மட்டும் தெரியும். முன்னறையில் தையல் மிஷின். அதன் மேல் எந்நேரமும் போனில் ஏதாவது ஒரு பிரசங்கம் சத்தமாக ஓடும். ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் ஒரு சின்ன சபைக்குப் போவார்.

நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்களுடையது டவுனில் இருக்கும் பெரிய சர்ச். நாலு தலைமுறையாக அங்கேதான். பட்டுச்சேலை, பாடல் குழு, ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற விசாரிப்பு. கிறிஸ்து திரும்ப வருவார் என்று நாங்களும் வாராவாரம் எழுந்து நின்று சொல்லுவோம். சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அவர் வந்தால் எங்களுக்கு முன்கூட்டியே தகவல் வரும் என்கிற மாதிரி ஒரு தைரியம்.

அம்மாவுக்கும் டெய்லரக்காவுக்கும் அப்படி ஒரு சிநேகிதம். மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா அங்கே போய்விடுவாள். அவர் மிஷின் மிதிப்பார், அம்மா கீழே உட்கார்ந்து ஹூக் வைப்பாள், ஹெம்மிங் செய்வாள். கூலி கிடையாது, பேச்சுதான் கூலி. மாமியார்கள், மருமகள்கள், மூட்டு வலி எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு நாலு மணிக்கு எழுந்து வருவாள். அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அந்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான்.

அந்தச் சிநேகிதத்தைக் கெடுத்தது ஒரு சாவி.

கிறிஸ்துமஸ் முடிந்த சமயம். டெய்லரக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சிவப்பு ரிப்பனில் கட்டிய சாவி. அவர் வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அதற்கு மாற்றுச் சாவி செய்து கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"ஏனுங்க அக்கா, ஒருநாளைக்கு எங்க ஊடு தொறக்கவே இல்லீன்னா, இதப் போட்டு உள்ள போயி கேஸை மட்டும் அணைச்சுருங்க. அரிசி ஒரு மூட்டை வாங்கி வெச்சிருக்கறேன். எடுத்துக்கோங்க. உபத்திரவ காலத்துல கடை கண்ணி இருக்காதுங்க. உங்களுக்கு ஆகும்."

அம்மா சாவியை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் அர்த்தம் புரிந்தது: கிறிஸ்து கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டவர்கள் இங்கே கிடந்து படப்போகும் பாடுதான் உபத்திரவ காலம். அப்போ நாங்க, என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

டெய்லரக்கா முந்தானையைத் திருக ஆரம்பித்தார். தான் முடிவாக எதுவும் சொல்லவில்லை, எங்களுக்கும் இடம் இருக்கும், ஒரு பேச்சுக்குத்தான் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அம்மா மன்னித்திருப்பாள். வாசல் வரை போனவர் மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.

"இருந்தாலும் நெத்தியில முத்திரை போடச் சொன்னாங்கன்னா மட்டும் போட்டுக்காதீங்க அக்கா."

நீ பரலோகம் போகமாட்டாய் என்று உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார்கள். இத்தனை 'ங்க' போட்டு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் தான் பாடம் எடுத்த வருடங்களையும், தாத்தா சர்ச்சுக்கு வாங்கிக் கொடுத்த விளக்கையும் சுவரிடம் எடுத்துச் சொன்னாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். அதில்தான் சிக்கல். திருப்பிக் கொடுத்தால் சண்டைக்குப் போனதாகிவிடும். வைத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். கடைசியில் அதைக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். கண்ணில் படாமல் இருக்க அங்கே மாட்டிவிட்டு, தேதி பார்க்கும் சாக்கில் தினமும் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

மத்தியானப் போக்குவரத்து நின்றுபோனது. அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து சீரியல்காரிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா முருங்கைக்காய்ப் பொரியல் கொடுத்தனுப்புவார். அம்மா அதைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைச்சல் என்று என்னிடம் சொல்லுவாள். எனக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வரும். அம்மாவுக்கு அந்த வீதியில் வேறு சிநேகிதி கிடையாது. அவருக்கும் கிடையாது. வராத ஒரு நாளுக்காக இருக்கிற நாளையெல்லாம் வீணடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே போய்க் கேட்டேன். பக்கத்து வீடு என்பதால்தான் சாவி கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் சொன்னால் என்ன, வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? டெய்லரக்கா மிஷினை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது.

"பொய் சொல்லச் சொல்றயா கண்ணு? அவங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்கன்னு தெனமும் முட்டி போட்டுக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். சீட்டு என்ர கையிலயா இருக்குது?"

எதையும் விட்டுக்கொடுக்காத அந்த நேர்மையைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது.

அது நடந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அரைநாள் லீவு. வெயில் தாழ்ந்த நேரத்தில் அடுத்த வீதிப் பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் அவர் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட் டெய்லரக்காவிடம் இருக்கிறது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது, உள்ளே ஃபேன் ஓடுகிறது, ஆள் பேசும் சத்தம் கேட்கிறது, யாரும் திறக்கவில்லை என்றார்.

அம்மாவின் முகம் மாறியது. துணியை வாங்கிப் போகச் சொல்லி வாசலில் கூப்பிடும் குரல் அன்றைக்கு இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் டெய்லரக்காவின் நம்பருக்குப் போன் செய்துகொண்டே அவர் வீட்டு ஜன்னல் பக்கம் போனேன். உள்ளே பிரசங்கம் நின்று மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் பிரசங்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நீ ஆயத்தமா, என்று யாரோ ஒருவர் அடித்தொண்டையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா சாவியோடு வந்தாள். நான் வாங்கித் திறந்தேன்.

மிஷின் முன்னால் இருந்த நாற்காலியில் டெய்லரக்காவின் சேலை குவிந்து கிடந்தது. அதற்குள் பாவாடை, ஜாக்கெட். நாற்காலிக்கு அடியில் அவருடைய செருப்பு. மிஷின் பலகையில் மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் பாதி குடித்த டீ. ஊசி மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் இறங்கியபடி நின்றிருந்தது. உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மனுஷியை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

நான் படித்தவள். பேய் பிசாசு, ஜாதகம், ராகுகாலம் எதற்கும் அசையாதவள். நானே சமையலறை, பாத்ரூம் எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டா பாரு. சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டா."

முதல் காரியமாக எங்கள் சர்ச் ஆயருக்குப் போன் செய்யச் சொன்னாள். ஸ்விட்ச்டு ஆஃப். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து பாடல் குழுத் தலைவருக்குச் செய்யச் சொன்னாள். எல்லோரோடும் சண்டை போட்டு, ஆயரையே இரண்டு தடவை அழவைத்த ஆள். அவர் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அது எங்களுக்கு எந்த வகையிலும் ஆறுதலாக இல்லை. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஹார்டுவேர் கடை மாடிச் சபையின் பாஸ்டர் வீடு பக்கத்தில்தான். ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். பைக் நிற்கிறது, கொடியில் துணி காய்கிறது, வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. திரும்பும்போது முக்கில் பொடிசுகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. குழந்தைகளைக் கட்டாயம் எடுத்துக்கொள்வார் என்றுதானே கேள்வி? ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பசங்களை எவன் எடுப்பான் என்று அம்மா கை விரித்துவிட்டாள்.

கல்யாணப் பெண்ணின் அம்மா இத்தனையையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முருகன் பக்தை. சென்னிமலைக்கு மாதம் தவறாமல் போகிறவர். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, அவளை எடுத்துக்கொண்டார் என்றாள் அம்மா. யார், போலீஸா என்றார் அவர். கர்த்தர் என்றாள் அம்மா. அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார்.

"எப்பத் திருப்பி உடுவாங்க? காலைல முகூர்த்தமுங்க."

அந்தக் கேள்விக்குத்தான் அம்மா அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியில் கிடந்த சேலையை எடுத்து, உதறி, நாலாக மடித்துக் கட்டிலில் வைத்தாள். டெய்லரக்காவின் கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். இப்போது இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டேன்.

"அடுத்தவங்க துணிய பாக்கி வெச்சுட்டுப் போயிட்டா. அங்க நின்னு தலையக் குனிஞ்சுட்டு இருப்பா. நானாவது முடிச்சுக் குடுத்தர்றேன்."

கைவிடப்பட்டவள் என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்ட பிறகும், எடுத்துக்கொள்ளப்பட்டவளின் மானத்தைக் காப்பாற்ற அம்மா மிஷின் மிதித்தாள். ஒத்தாசைக்கு ஹூக் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். பிரசங்கத்தை நிறுத்த மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. போனில் பிரசங்கியார் உபத்திரவ காலத்தின் கொடுமைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அம்மா ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி ஹூக் வைக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டெய்லரக்கா இறங்கினார். நல்ல சேலை கட்டியிருந்தார். தலை கலைந்து, முகம் வெளுத்து, புதுச் செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருந்தார். கூடவே அவர் அண்ணன் மகளும் அவள் குழந்தைகளும். படியேறி வந்தவர் தன் மிஷினில் தன் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"திருப்பி அனுப்பிச்சுட்டாங்களா உன்னைய?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அண்ணன் மகள்தான் நடந்ததைச் சொன்னாள். சென்னிமலையிலிருந்து மத்தியானம் வந்தவள், சத்தி ரோட்டில் போட்டிருக்கும் பொருட்காட்சிக்கு அத்தையை வம்படியாக இழுத்துப் போயிருக்கிறாள். அரைமணி நேரத்தில் வந்துவிடலாம் என்று சேலையை அவிழ்த்துப்போட்டு வேறு கட்ட வைத்து, தான் வாங்கி வந்த செருப்பை மாட்டிவிட்டு, போனைக்கூட எடுக்க விடவில்லை. அங்கே குழந்தைகளுக்குத் துணையாக ராட்டினத்தில் ஏற்றிவிட்டிருக்கிறாள். டெய்லரக்காவின் பெட்டி உச்சிக்குப் போன நேரம் பார்த்து ராட்டினம் நின்றுவிட்டது. மோட்டார் போச்சு. வேறு ஊராக இருந்தால் உடனே இறக்கியிருப்பார்கள். கோயம்புத்தூரில் எந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் மோட்டார்காரர்கள். காயில் எரிந்திருக்கிறது என்று ஒருவர், பேரிங் என்று ஒருவர், கெப்பாசிட்டரை மாற்றினால் ஓடும் என்று ஒருவர். ஆளுக்கு ஒன்று சொல்லி, ஒருவர் கழற்றியதை மற்றவர் மாட்டி, கீழே பெரிய விவாதம் நடந்து முடியும் வரை டெய்லரக்கா ஆகாயத்தில் தொங்கியிருக்கிறார்.

கல்யாணப் பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்படியோ விட்டுவிட்டார்களே, நல்லது என்று சொல்லி ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் மகள் குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச உள்ளே போனாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெய்லரக்கா சிரிக்கவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். இத்தனை காலமும் அம்மா உட்கார்ந்து ஹூக் வைத்த இடம் அது. பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, சபையில் சாட்சி சொல்லும் குரலில் சொன்னார்.

"மேல இருந்து பாத்தா கணபதி முச்சூடும் தெரியுதுங்க அக்கா. நம்ம வீதி எது, உங்க ஊடு எதுன்னு தேடிட்டே இருந்தேன். இத்தன வருசம் வாங்க வாங்கன்னு அவரக் கூப்புட்டுப்போட்டு, அத்தன ஒசரத்துல போயி நின்னப்போ, இப்ப வந்துராதீங்க சாமி, என்னையக் கீழ எறக்கி உட்டுருங்கன்னுதானுங்க கேட்டேன்."

அம்மா சட்டென்று குனிந்து அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"மெல்லப் பேசு கண்ணு. அவருக்குக் கேட்டுறப் போகுது."